பட்டியலில் இல்லாத தூசு

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பம் வெளியாகும். பூசை போட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்கினால் மார்கழி வரை அச்சகங்களில் வேலை ஓயாது. பிறகு பங்குனி, சித்திரையில் பள்ளி நோட்டுகள். நடுநடுவே கல்யாணப் பத்திரிகை, கடைகளுக்கான பில் புத்தகம், தேர்தல் வந்தால் சுவரொட்டி. தீப்பெட்டி லேபிள் அச்சடிப்பதற்காக வந்து சேர்ந்த இயந்திரங்கள் அந்த ஊரின் மூன்றாவது பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டன. மற்ற இரண்டில் பட்டாசு ஆபத்தானது என்று ஊருக்கே தெரியும். தீப்பெட்டியும் தீயோடு விளையாடுவதுதான். அச்சு வேலை அப்படியில்லை, சுத்தமான வேலை என்று பெயர் வாங்கியது. பட்டாசு மருந்து வேலைக்கு மகளை அனுப்ப மனம் வராத குடும்பங்கள் பைண்டிங் வேலைக்கு நிம்மதியாக அனுப்புகின்றன.

ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த நிம்மதி நியாயமானதே. பைண்டிங் பட்டறையில் யாரும் வெடித்துச் சாவதில்லை. ஆனால் கட்டிங் மெஷின் அருகே நிற்பவரின் புருவத்திலும் தலைமுடியிலும் மாலைக்குள் ஒரு வெள்ளைப் பொடி படிந்துவிடுகிறது. அதே பொடி அவருடைய மூக்கு வழியாக உள்ளேயும் போகிறது. அது மெதுவாகக் கெடுக்கிறது. கெடுத்த கெடுதிக்கும் தனிப் பெயர் இல்லை. அதனால்தான் சட்டம், மருத்துவம், முதலாளி ஆகிய மூவருமே அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இத்தனைக்கும் இந்தியத் தொழில்களில் உள்ள தூசுப் பிரச்சினைகளில் மிகக் குறைந்த செலவில் தீர்க்கக்கூடியது இதுதான்.

முதலில் அந்தப் பொடி எதனால் ஆனது என்று பார்த்துவிடலாம். காகிதத் தூசு என்றால் மரக்கூழின் நார்த்துணுக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். எழுதவும் அச்சடிக்கவும் பயன்படும் தாளில் நாரோடு கனிமப் பொடியும் கணிசமாகக் கலந்திருக்கிறது. தாள் வெள்ளையாகவும் வழவழப்பாகவும் பின்பக்கம் தெரியாமலும் இருக்கச் சுண்ணாம்புப் பொடி, சீனக் களிமண், மாக்கல் பொடி, டைட்டானியம் டையாக்சைடு ஆகியவற்றைச் சேர்க்கிறார்கள். எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இவை இருப்பது சாதாரணம். ஆர்ட் பேப்பரில் மேற்பூச்சே கனிமம்தான். இவற்றோடு ஸ்டார்ச்சும் உண்டு. ஆப்செட் இயந்திரத்தில் ஈர மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டாமலிருக்க ஒரு பவுடரைத் தூவுவார்கள். அதுவும் பெரும்பாலும் ஸ்டார்ச்சே. அச்சிட்ட தாள் பைண்டிங்குக்கு வரும்போது இந்தப் பவுடரையும் சுமந்துகொண்டு வருகிறது. மடிக்கும்போது கொஞ்சம், அடுக்கித் தட்டும்போது கொஞ்சம், வெட்டும்போது மிச்சம் என்று அது காற்றில் கலக்கிறது.

தூசு பிறக்கும் முக்கியமான இடம் வெட்டு விளிம்பு. 20 அங்குலத்துக்கு 30 அங்குலத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு விளிம்பும் சேர்ந்து 100 அங்குலம். அதையே தினசரி காலண்டரின் தேதித் தாள் மாதிரி 2 அங்குலத்துக்கு 3 அங்குலமாக நறுக்கினால் 100 துண்டுகள் வரும். விளிம்பின் மொத்த நீளம் 1,000 அங்குலமாகிவிடும். காகிதம் கூடவில்லை, விளிம்பு பத்து மடங்கு கூடிவிட்டது. சுவரொட்டி அடிக்கும் கடையையும் தேதிக் காலண்டர் கட்டும் பட்டறையையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். பெர்ஃபெக்ட் பைண்டிங் இதைவிட மோசம். அங்கே பசை பிடிப்பதற்காகப் புத்தகத்தின் முதுகைச் சக்கரக் கத்தியால் வேண்டுமென்றே சொரசொரப்பாக அரைத்துவிடுகிறார்கள். தூசு உண்டாக்குவது அங்கே வேலையின் ஒரு பகுதி.

சிவகாசியின் வறண்ட வெயில்தான் தீக்குச்சியையும் பட்டாசையும் அங்கே வரவழைத்தது. மை சீக்கிரம் உலர்வதும் அந்த வெயிலால்தான். அதே வறட்சியில் தாளில் நிலைமின்சாரம் ஏறுகிறது. நுண்தூசு சீக்கிரம் கீழே இறங்குவதில்லை. தாள் பறக்கும் என்று அடுக்குகிற இடத்தில் மின்விசிறியைப் போடுவதில்லை. சன்னலைத் திறந்தாலும் அதே தொல்லை. ஆகவே காற்றோட்டம் இல்லாதது அங்கே அலட்சியத்தால் வந்ததல்ல, வேலையே அதைக் கேட்கிறது. "போதிய காற்றோட்டம் ஏற்படுத்துக" என்று எழுதிவிட்டுப் போகும் ஆய்வாளர் இதைக் கவனிக்க வேண்டும்.

உடம்புக்குள் போனபின் என்ன நடக்கிறது? தூசின் பெரும்பகுதி பெருந்துகள். அது மூக்கிலும் தொண்டையிலும் மேல் மூச்சுக்குழாயிலும் தங்கிவிடும்; 4 மைக்ரானுக்கும் சிறியவைதான் நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்கும். அதனால் முதலில் அடி வாங்குவது மூக்கு. அடைப்பு, வறட்சி, பொருக்கு, காலையில் தொடர் தும்மல். நாளாக நாளாகச் சளியோடு இருமல் நிலைத்துவிடுகிறது. முன்பே ஆஸ்துமா உள்ளவருக்கு இளைப்பு கூடுகிறது. இதையெல்லாம் "பேப்பர் அலர்ஜி" என்று தொழிலாளர்களே பெயர் வைத்து முடித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இது அலர்ஜியே இல்லை. ஒவ்வாமை என்றால் சிலருக்கு வரும், பலருக்கு வராது. இங்கே நடப்பது எரிச்சல்; அளவு கூடினால் யாருக்கும் வரும். அலர்ஜி என்று சொல்லும்போது குறை தொழிலாளியின் உடம்புக்குப் போய்விடுகிறது, எரிச்சல் என்றால் குறை பட்டறைக் காற்றில் இருக்கிறது. அந்த வேறுபாட்டால் முதலாளிகளுக்கு லாபம் உண்டு.

இதற்கான வலுவான ஆதாரம் ஸ்வீடனிலிருந்து வருகிறது. முகம் துடைக்கும் டிஷ்யூ போன்ற மென்தாள் தயாரிக்கும் ஆலைகள் காகிதத் தொழிலிலேயே அதிகத் தூசு கிளப்புபவை. அந்தத் தாள் மென்மையாக இருப்பதற்குக் காரணம் அதன் நார்கள் தளர்வாக இருப்பது. தளர்ந்த நார் எளிதில் உதிரும். 1980-களில் கோத்தன்பர்க் நகரைச் சேர்ந்த ஷெல் தொரேன் உள்ளிட்ட தொழில்நோய் ஆய்வாளர்கள் அத்தகைய ஆலைத் தொழிலாளர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஒரு கனமீட்டர் காற்றில் 5 மில்லிகிராமுக்கு மேல் தூசு இருந்த இடங்களில் பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு மூக்கு, மூச்சுக்குழாய்த் தொல்லைகள் அதிகமாகவும் நுரையீரல் திறன் குறைவாகவும் இருந்தன. ஸ்வீடன் இன்று காகிதத் தூசுக்கென்று தனி வரம்பு வைத்திருக்கிறது: கனமீட்டருக்கு 2 மில்லிகிராம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இது சிலிகோசிஸ் அல்ல. கல்குவாரியிலும் சிலேட்டுப் பட்டறையிலும் பளிங்கு மணல் தூசு நுரையீரலைக் கல்லாக்கி ஆளைக் கொல்வதைப் போல காகிதத் தூசு கொல்வதில்லை. மரத்தூசு மூக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இலேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. காகிதத் தூசின் மேல் அப்படிப் பழி சுமத்த ஆதாரமில்லை. தாளில் சேரும் மாக்கல் பொடியை 2024-இல் அதே முகமை "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற வகைக்கு உயர்த்தியது. அதை வைத்து நோட்டுப் புத்தகம் கட்டுபவருக்குப் புற்றுநோய் வரும் என்று தலைப்புப் போடுவது அயோக்கியத்தனம். மிகைப்படுத்தினால் நடப்பது ஒன்றுதான்: முதல் மருத்துவ அறிக்கையில் எல்லாம் சரி என்று வந்தவுடன் பிரச்சினையே இல்லை என்று முடித்துவிடுவார்கள். காகிதத் தூசின் கேடு நாற்பத்தைந்து வயதில் மாடிப்படி ஏற முடியாமல் நிற்பது. மழைக்காலம் முழுவதும் இருமி, வாரத்தில் இரண்டு நாள் கூலியை இழப்பது. சாவுக் கணக்கில் அது வராது.

இந்தத் தூசை யாரும் பொருட்படுத்தாமல் போனதற்கு ஒரு பழைய வகைப்பாடும் காரணம். அமெரிக்கத் தொழில்நலவியல் நிபுணர்களின் அமைப்பான ஏசிஜிஐஎச் நெடுங்காலம் சில தூசுகளைத் "தொந்தரவுத் தூசு" என்று ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தது. தொந்தரவு தரும், தீங்கு தராது என்பது பொருள். அந்த மூட்டையில் காகித நாரும் இருந்தது. பின்னாளில் அந்த அமைப்பே எந்தத் தூசும் உடலுக்கு முற்றிலும் பாதகமற்றதில்லை என்று சொல்லி அந்தப் பெயரைக் கைவிட்டது. பெயர் போனாலும் எண்கள் போகவில்லை. அமெரிக்கச் சட்ட வரம்பு இன்றும் செல்லுலோஸ் தூசுக்குக் கனமீட்டருக்கு 15 மில்லிகிராம், நுரையீரலுக்குள் இறங்கும் நுண்பகுதிக்கு 5 மில்லிகிராம். பிரிட்டனில் எந்தத் தூசாக இருந்தாலும் 10 மில்லிகிராமைத் தாண்டினால் அது ஆபத்தான பொருள். அதுவே அதிகம், 5 ஆகக் குறைக்க வேண்டும் என்று எடின்பரோவில் உள்ள தொழில்மருத்துவ நிறுவனம் 2011-இல் சொன்னது. ஜெர்மனி நுண்தூசுக்கு 1.25 மில்லிகிராம் என்று இறங்கிவிட்டது.

இந்த எண்கள் வெறும் எண்களாகத் தோன்றினால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுத்தர உழைப்பு உழைப்பவர் எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 10 கனமீட்டர் காற்றை இழுக்கிறார். 10 மில்லிகிராம் தூசுள்ள பட்டறையில் அது நாளுக்கு 100 மில்லிகிராம். 300 வேலை நாளுக்கு 30 கிராம். ஸ்வீடனின் வரம்பில் அதே கணக்கு 6 கிராம். இதில் பெரும்பகுதியை மூக்கு தடுத்து வெளியே தள்ளிவிடும். தள்ளுவதுதான் அதன் வேலை; ஆனால் இருபது ஆண்டு ஓய்வில்லாமல் தள்ளச் சொன்னால் அந்த மூக்கின் உட்சவ்வு என்ன பாடுபடும்? சீசனில் எட்டு மணி நேரம் பன்னிரண்டாகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சோடு ஒப்பிட்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். பருத்தியும் செல்லுலோஸ், காகிதமும் செல்லுலோஸ். நூற்பாலைத் தூசுக்கு அமெரிக்கா 1978-இல் விதித்த வரம்பு 0.2 மில்லிகிராம். காகிதத் தூசுக்கான 15-ஐ அதன் பக்கத்தில் வைத்தால் 75 மடங்கு. இரண்டையும் அளக்கும் முறை வேறு என்பதால் இதை அப்படியே ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் இவ்வளவு தொலைவுக்குக் காரணம் இருக்கிறது. பஞ்சுத் தூசில் பூவடிச் செதிலோடு வரும் பாக்டீரியாக்களின் நச்சுதான் பிசினோசிஸ் என்ற நோயை உண்டாக்குகிறது. வேகவைத்து, வெளுத்து, உலர்த்திச் செய்த புதுத் தாளில் அந்த நச்சு ஏறக்குறைய இல்லை. ஆக, விஞ்ஞானப்படி வேறுபாடு நியாயம். ஆனால் பஞ்சு கண்காணிக்கப்பட்டதற்கு விஞ்ஞானம் மட்டும் காரணமில்லை. ஞாயிறு லீவு முடிந்து திங்களன்று ஆலைக்குள் நுழைந்தவுடன் நெஞ்சு இறுகும் என்று ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். ஆலை பெரிது, சங்கம் உண்டு, அறிகுறிக்கு ஒரு கிழமையே அடையாளமாக இருந்தது. பைண்டிங் தொழிலாளியின் இருமலுக்கு அப்படியொரு கிழமை இல்லை. அதைச் சேர்ந்து சொல்லச் சங்கமும் இல்லை.

இந்தியச் சட்டத்துக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு தூசையும் புகையையும் அவை பிறக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று சொன்னது. எழுபத்தைந்து ஆண்டுக்கு முன் எழுதிய வாசகம், இன்றைய பொறியியல் பாடநூலிலும் இதற்கு மேல் ஒன்றுமில்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான தொழில்களின் பட்டியலில் "கூழ், காகிதம், காகிதப் பொருள்கள்" இடம்பெற்றது. நல்லது. அதே திருத்தத்தில் காற்றில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கலாம் என்று இன்னொரு பட்டியலும் வந்தது. அதில் சிமென்ட் தூசு இருந்தது, நிலக்கரித் தூசு இருந்தது, சிலிக்காவும் கல்நாரும் இருந்தன. காகிதத் தூசு இல்லை. அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் பிசினோசிஸ் உண்டு. காகிதத் தூசு நோய்க்குப் பெயரே இல்லாததால் அதிலும் இடமில்லை. தொழில் அபாயமானது என்று ஒரு பட்டியல் ஒப்புக்கொண்டது, அபாயம் எது என்று மற்ற இரண்டும் சொல்ல மறுத்தன.

இன்னொரு வேடிக்கை. கரூர் அருகே புகழூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து தாள் தயாரிப்பது. பூஞ்சை பிடித்த காய்ந்த சக்கையின் தூசை மூச்சில் இழுத்தால் பகாசோசிஸ் என்ற நுரையீரல் அழற்சி வரும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அதற்கு இடம் தந்திருந்தார்கள். சக்கையாக இருக்கும்போது அதன் தூசு நோய் தரும் என்று சட்டத்துக்குத் தெரிகிறது. தாளாகி, கட்டிங் மெஷினுக்கு வந்தபின் தெரியவில்லை. அதே சட்டத்தில் தொழில்வழி ஆஸ்துமாவும் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது; "அங்கீகரிக்கப்பட்ட ஒவ்வாமைப் பொருள்களால்" வந்தால் மட்டும். எரிச்சலால் வரும் மூச்சுத் தொல்லை அந்த வாசலிலேயே நின்றுவிட்டது.

2025 நவம்பர் 21 அன்று இந்தப் பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. மின்விசையோடு 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்ற பழைய வரையறை 20 பேர் என்று உயர்ந்தது. சிவகாசியிலும் திருவல்லிக்கேணிச் சந்துகளிலும் உள்ள பைண்டிங் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். ஒரு கட்டிங் மெஷின், ஒரு தையல் மெஷின், ஒரு மடிப்பு மெஷின், பன்னிரண்டு பேர். இப்படிப்பட்ட பட்டறை பொதுவான நிறுவனக் கடமைகளுக்குள் நின்றாலும் தொழிற்சாலைக்கென்று உள்ள கண்டிப்பான விதிகளிலிருந்து நழுவுகிறது. பத்துப் பேருக்கும் குறைவென்றால் அந்தக் கடமைகளும் பெரும்பாலும் இல்லை. அதற்கும் கீழே வீட்டு வேலை: கவர் ஒட்டுவது, தாள் மடிப்பது, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அங்கே சமையலும் குழந்தையின் தூக்கமும் அதே அறையில்.

நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்று புதிய சட்டத்தோடு மத்திய அரசு அறிவித்தது. இருபது வயதில் கட்டிங் மெஷின் முன் நின்றவருக்கு அது இருபது ஆண்டு தாமதம். நுரையீரல் திறன் கெட்டுக்கொண்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேலைக்குச் சேரும் நாளின் அளவு வேண்டும். ஒருவருடைய இன்றைய எண்ணை அவருடைய பழைய எண்ணோடு வைத்துப் பார்த்தால்தான் சரிவு தெரியும். ஊர்ச் சராசரியோடு ஒப்பிட்டால் திடமான ஆள் ஒருவர் தம் திறனில் கால்வாசியை இழந்த பிறகும் "நார்மல்" என்றே சான்று வாங்கிவருவார்.

மருத்துவமனையில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. நீடித்த இருமல் என்றால் காசநோயா என்று சளி பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். இல்லை என்று வந்தால் டானிக், ஆன்டிபயாடிக், "குளிர்ந்த தண்ணி குடிக்காதீங்க" என்று ஒரு வரி. ஆண் என்றால் பீடி உண்டா என்ற கேள்வி, பெண் என்றால் அதுவும் இல்லை. நோயாளியிடம் என்ன தொழில் செய்கிறாய் என்று மருத்துவர் கேட்க வேண்டும் என இத்தாலிய மருத்துவர் ராமஸினி 1700-இல் எழுதினார். நம் புறநோயாளிச் சீட்டில் வயதும் பாலும் உண்டு, தொழிலுக்குக் கட்டம் இருந்தாலும் "கூலி" என்று நிரப்பிவிடுகிறார்கள். கூலி என்ற சொல்லுக்குள் செங்கல் சூளையும் பட்டாசும் பைண்டிங்கும் ஒன்றாகிவிடுகின்றன.

பழைய காகிதத்தின் தூசு இதுவரை சொன்ன புதுத் தாளின் தூசிலிருந்து வேறுபட்டது. அதைத் தனியே சொல்ல வேண்டும். பதிவாளர் அலுவலகம், நீதிமன்ற ஆவண அறை, வருவாய்த் துறைக் கிடங்கு, நூலகத்தின் பின்கட்டு ஆகிய இடங்களில் உதிர்வது நார் மட்டுமல்ல. ஈரம் ஏறிய தாளில் ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற பூஞ்சைகள் வளர்ந்து, காய்ந்து, வித்துகளாக நிற்கின்றன. வெள்ளிமீன் பூச்சியின் உடல் துகள்களும் எச்சமும் சேர்கின்றன. இங்கே ஒவ்வாமை என்ற சொல் பொருத்தமானதே. ஒரு காலத்தில் கறையானுக்குப் பயந்து டிடிடியும் காமாக்சினும் தூவிய அலமாரிகள் உண்டு. சீக்கிரம் சிதையாத நஞ்சு அது. கோப்பைத் தேடி எடுத்துத் தட்டிக் கொடுக்கும் அலுவலக உதவியாளர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு போகிறார். கேட்டுப் படிக்கும் ஆராய்ச்சியாளர் அரை நாள் தும்முகிறார். உதவியாளர் முப்பது ஆண்டு. பழைய பேப்பர் கடையிலிருந்து மறுசுழற்சி ஆலைக்குப் போகும் தாளைப் பிரித்து எடுக்கும் பெண்கள் இருவகைத் தூசையும் ஒருசேரச் சுவாசிக்கிறார்கள்; உணவு ஒட்டிய, மழையில் நனைந்த தாளில் பாக்டீரியா நச்சும் வந்துவிடுவதால் புதுத் தாளுக்குச் சொன்ன சமாதானம் அவர்களுக்குப் பொருந்தாது.

இனி செலவு. மழுங்கிய பிளேடு தாளை வெட்டுவதில்லை, கிழிக்கிறது, தூசு கூடுகிறது. உரிய நேரத்தில் சாணை பிடித்தால் வெட்டும் சுத்தமாக இருக்கும், தூசும் குறையும். இதற்கு முதலாளியின் நல்ல மனம் தேவையில்லை, லாபக் கணக்கே போதும். அடுத்தது உறிஞ்சி. சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் கடமை முடிந்தது என்று நினைப்பது தவறு. எதிர்ச் சுவரில் மாட்டிய ஃபேன் தூசைத் தொழிலாளியின் முகத்தைக் கடத்தித்தான் இழுத்துச் செல்கிறது. உறிஞ்சிக் குழாயின் வாய் கத்திக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே இழுவிசை பத்தில் ஒரு பங்காகிவிடும். கத்திக்கு அருகே சிறு வாய் வைத்தால் தாளும் பறக்காது. காற்றோட்டமா, பறக்காத தாளா என்ற பழைய வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

உடனே நிறுத்த வேண்டிய பழக்கம் கம்ப்ரசரால் காற்றடித்துச் சுத்தம் செய்வது. நான் பார்த்த பட்டறைகளில் மாலை ஐந்தரைக்கு இந்தக் காட்சி தவறுவதில்லை: இயந்திரத்தின் மேல் அடிப்பார்கள், தரையில் அடிப்பார்கள், கடைசியாக ஒருவர் மேல் ஒருவர் அடித்துக்கொள்வார்கள். நாள் முழுவதும் படிந்து அடங்கிய தூசை இரண்டு நிமிடத்தில் மறுபடியும் மூக்கு உயரத்துக்கு எழுப்புகிற வேலை அது. சுத்தம் செய்யும் காற்று 30 பவுண்டு அழுத்தத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க விதி சொல்கிறது. நம் பட்டறைக் கம்ப்ரசர்கள் அதைப் போல் மூன்று மடங்கு தருவது சாதாரணம். அதற்குப் பதிலாக ஒரு தொழிற்கூட வாக்குவம் கிளீனர் போதும். விளக்குமாறும் ஏறக்குறைய காற்றடிப்பதற்குச் சமம்தான். ஈரத் துணியால் தரையைத் துடைத்தால் தாளுக்கு ஒன்றும் ஆகாது.

முகக்கவசத்தைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. துண்டும் முந்தானையும் நுண்தூசைத் தடுக்காது. என்95 தடுக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்கிறவர் எட்டு மணி நேரம் அதை மாட்டிக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்க்கிறவர் அந்த வேலையை ஒரு மணி நேரம் செய்து பார்க்கட்டும். முதுகரைக்கும் இயந்திரத்தைத் திறந்து சுத்தம் செய்யும்போது, தூசுப் பையை மாற்றும்போது, அந்த இருபது நிமிடங்களுக்கு அது சரி. முழுநாள் தீர்வாகக் கவசத்தைக் கொடுப்பது, பட்டறையைத் திருத்தாமல் ஆளைத் திருத்துவது.

முதலாளியிடம் நுரையீரலைப் பற்றிப் பேசினால் எடுபடாத இடத்தில் தீயைப் பற்றிப் பேசலாம். உலர்ந்த காகிதத் தூசு எரியும். மூடிய இடத்தில் காற்றோடு தகுந்த அளவில் கலந்திருந்தால் வெடிக்கவும் செய்யும். எரியும் தூசு எவ்வளவு படிந்தால் ஆபத்து என்பதற்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் ஓர் எளிய அளவு வைத்திருக்கின்றன: அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ ஒரு ஜெம் கிளிப் கம்பியின் தடிமன். பரண், டியூப் லைட்டின் மேல்பக்கம், மோட்டார் உறை ஆகியவற்றில் விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தீயின் விலையைச் சிவகாசிக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் தூசு படிவை ஒரு நிபந்தனையாக்கினால் தொழிலாளர் துறை முப்பது சுற்றறிக்கையில் செய்ய முடியாததை அவை ஒரே பாலிசிப் புதுப்பிப்பில் செய்துவிடும் என்பது என் கணிப்பு.

அரசு செய்ய வேண்டியதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. "தொழிலாளரைத் தேடி மருத்துவம்" என்று 2024-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் வேலைத்தலத்துக்கே போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அந்தப் பையில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர் ஒன்றைச் சேர்த்து, விருதுநகர் மாவட்டத்தில் முதலில் தொடங்கலாம். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இருபது வயதுக்காரர்களையும் ஊதச் சொல்ல வேண்டும். மாநில அரசு தன் விதிகளில் காகிதத் தூசுக்கு ஓர் எண்ணை எழுதவும் முடியும். 2 மில்லிகிராம் என்று ஸ்வீடன் வைத்ததை முதல் நாளே கேட்க வேண்டாம். 5 என்று தொடங்கினாலும் அது இன்றைய வெறுமையைவிட மேல்.

அளப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இடுப்பில் ஒரு சிறு பம்பு, சட்டைக் காலரில் ஒரு வடிதாள். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் எட்டு மணி நேரம் இழுத்தால் 960 லிட்டர், ஏறக்குறைய ஒரு கனமீட்டர். வடிதாளின் எடை எத்தனை மில்லிகிராம் கூடியதோ அதுவே காற்றின் தூசளவு. தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனமும் மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் இதற்கென்றே இருக்கின்றன. எப்போது அளக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். பொங்கல் முடிந்து இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும்போது, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் நல்ல எண்தான் கிடைக்கும். கார்த்திகையில், ஆர்டர் நெருக்கும்போது, மழைக்குப் பயந்து சன்னலைச் சாத்திவிட்டு ஓடும் இரவு ஷிப்டில் அளக்க வேண்டும். அப்படி அளந்த எண் ஆய்வாளரின் கோப்புக்கு மட்டும் போகக் கூடாது. காலரில் வடிதாளை மாட்டிக்கொண்டு நின்ற தொழிலாளியின் கையிலும் அது எழுத்தில் தரப்பட வேண்டும்.